அரையும் அரையும்

செங்கம் சாலையில் புத்தகப் பையோடு நடந்துகொண்டிருந்தேன். பிறகு எத்தனையோ ஊர்களை விட்டு நடந்திருக்கிறேன். முதலில் விட்டு நடந்தது என் பள்ளிக்கூடத்தை.

ஒன்பதாம் வகுப்பு. எக்ஸின் அடுக்கு அரையை எக்ஸின் அடுக்கு அரையால் பெருக்க வேண்டும். பெருக்கச் சொன்னார்களே என்று அரையையும் அரையையும் பெருக்கி, அடுக்கு கால் என்று எழுதினேன். திருத்தித் திருத்தி எழுதியும் கால்தான் வந்தது. அப்பாவைக் கூட்டி வந்தால்தான் வகுப்பில் உட்காரலாம் என்றார் சார். அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார், கார்த்திகை தீபத்துக்குத்தான் வருவார். இனி வீட்டுக்கும் போவதில்லை என்று முடிவு செய்தேன்.

ஓடிப்போகிறவன் நேராகச் செங்கம் போயிருக்க வேண்டும். பௌர்ணமிதோறும் அம்மாவோடு கிரிவலம் போன கால்கள், மலையை வலப்பக்கம் வைத்துத் தாமாகத் திரும்பிவிட்டன. அடி அண்ணாமலையில் மாமாவின் கரும்புச்சாறு வண்டியைக் கண்ட பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

மாமா என் அம்மாவின் தம்பி. முழுக்கதையையும் கேட்டுவிட்டு ஒரு டம்ளர் சாறு கொடுத்தார்.

"இன்னாடா, வூட்ட விட்டு ஓடுறவன் எவனாச்சும் கிரிவலம் போவானா?"

வந்த வழியே திரும்பிவிடுகிறேன் என்றேன். உடனே தயங்கினேன். மலையை இடப்பக்கம் வைத்து நடந்தது தெரிந்தால் அம்மா அதற்குத்தான் அதிகம் திட்டுவாள்.

"அப்ப நேராவே போ. அரை சுத்து வந்துட்ட, இன்னும் அரை சுத்து போனா வூடு வந்துடும். உங்கப்பனுக்குப் பதிலா நாளைக்கு நான் வந்து சார்கிட்ட பேசறேன்."

காஞ்சி சாலையில் ஏறும்போது சட்டென்று விளங்கியது. அரையும் அரையும் சேர்ந்தால் ஒன்று. விடை வெறும் எக்ஸ். எக்ஸை எக்ஸால் பெருக்கும்போது அடுக்குகளைக் கூட்டத்தான் வேண்டும். அடுத்த கணக்கையும் நடந்தபடியே போட்டேன்: அடுக்கு ஒன்றரையோடு அடுக்கு அரை, இரண்டு சுற்று, எக்ஸ் வர்க்கம். தனியாகச் சிரித்துக்கொண்டு போனவனை ஒரு சாமியார் நின்று பார்த்தார்.

மறுநாள் காலை மாமா இஸ்திரி போட்ட சட்டையில் என் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார்.

"அரை நாள் வண்டியப் பாத்துக்கடா. மத்தியானம் நீ கிளாசுக்குப் போயிடலாம்."

கரும்பை மெஷினில் விட்டு, சக்கையை மடித்து இஞ்சியோடு மறுபடி விட்டேன். சாறு நுரைத்து வந்தது. அரை நாளும் அரை நாளும் சேர்ந்தால் வகுப்புக்கு என்ன மிஞ்சும் என்று மட்டும் எனக்கு அப்போது தோன்றவில்லை.