சங்கரபாண்டியின் நெஞ்சில் இருந்தது

சண்முகசுந்தரி ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வீட்டில் தறி இருந்தது, தார் சுற்ற ஆள் இல்லை. நூலைச் சின்னக் கட்டைகளில் சுற்றித் தறிக்குக் கொடுக்கிற அந்த வேலையில் உட்கார்ந்தவள், கல்யாணமாகி அடுத்த தெருவுக்கு வந்த பிறகும் அதே வேலையில்தான் உட்கார்ந்தாள். விசைத்தறி ஓடுகிற இடத்தில் யார் கத்தினாலும் காதில் விழாது. எதிராளியின் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிக்க வேண்டும். அவளுக்கு அது வசதியாகப் போயிற்று. பேசுவதற்குக் கூச்சப்பட்டவள், பார்ப்பதற்குக் கூச்சப்படவில்லை.

புருஷன் சங்கரபாண்டி தறிகளைப் பழுது பார்ப்பவர். சங்கரன்கோவிலில் எந்தத் தெருவில் தறி நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஓடுகிற சத்தத்தை வாசலில் நின்று கேட்டே, "இடதுபக்க நாலாவது தறியில போல்ட் லூசா இருக்கு" என்பார். ஒருநாள் அப்படி ஒரு தறிக்கு அடியில் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. நெற்றி உடைந்து ரத்தம் வழிந்தது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டு, இதயம் இடையிடையே துடிக்க மறந்துவிடுகிறது, பேஸ்மேக்கர் வைத்தாக வேண்டும் என்றார்கள்.

வைத்த மறுநாள் அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது, வார்டு நர்ஸ் பாஜிலா அதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். கடையநல்லூர்க்காரி. பேச்சில் சொந்த ஊர் வாடை அடித்ததில் சண்முகசுந்தரிக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. தீப்பெட்டியை விடச் சின்னதாக, சோப்புத் தேய்ந்த மாதிரி வழவழவென்று இருந்தது அது.

"மேல இருக்கது டைட்டானியம். துருப் பிடிக்காது, உடம்பும் இதை வேத்தாளா நினைச்சுத் தள்ளாது. உள்ள லித்தியம் பேட்டரி. பத்து வருசம் ஓடும்னு சொல்லுதாங்க. வயர் நுனியில மருந்துகூட வச்சிருக்கு, உள்ள தழும்பு தடிக்காம இருக்கதுக்கு. இதயம் தானாத் துடிச்சா இது சும்மா இருக்கும். துடிக்கலைன்னா மட்டும் ஒரு தட்டுத் தட்டும்."

"கரண்டு போச்சுன்னா?" என்று கேட்டாள் சண்முகசுந்தரி.

பாஜிலா சிரித்தாள். "உங்க வீட்டுத் தறிதான் நிக்கும். இது நிக்காது."

பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு கேக்கேன், தப்பா நினைக்காதீங்கக்கா. உங்கள்ல எரிப்பாங்களா, அடக்கம் பண்ணுவாங்களா?"

"எரிக்கதுதான்."

"அப்ப என்னைக்காவது, அது ரொம்ப நாள் கழிச்சே வரட்டும், இதை எடுத்துட்டுத்தான் எரிக்கணும். தீயில அந்தப் பேட்டரி வெடிக்கும். பக்கத்துல நிக்கவங்களுக்குக் கண்ணு போயிரும். அண்ணன்கிட்ட இதை எப்படிச் சொல்ல? அதான் உங்ககிட்ட சொல்லுதேன்."

திரும்பி வருகிற பஸ்ஸில் சங்கரபாண்டி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார். "யார்கிட்டயும் மூச்சு விடாத. நெஞ்சுல மிஷின் வச்சிருக்கான்னு தெரிஞ்சா ஒரு பய தறிக்குக் கூப்பிட மாட்டான். நம்ம மகன் லிங்கேஷுக்கும் தெரிய வேண்டாம்." கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொண்ணு. இனிமே என் உடம்புல கத்தி படக் கூடாது. செத்தாலும்" என்றார்.

அவள் தலையாட்டினாள். பாஜிலா சொன்னது தொண்டை வரை வந்தது. உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனுஷனிடம் அதை எந்த வாயால் சொல்வது?

ஊருக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லியாயிற்று. இடது காரை எலும்புக்குக் கீழே புடைத்திருந்ததை யாராவது பார்த்துவிட்டால் கொழுப்புக் கட்டி என்பார். அவருடைய அண்ணன் கோமதிநாயகம் மட்டும் லேசில் விடவில்லை. "வயித்துல ஆபரேஷன் பண்ணவன் எடது கையத் தூக்க ஏன்லே யோசிக்க?" என்று தெரு சிரிக்கக் கேட்டார். "டாக்டரு எடம் மாத்திப் பண்ணிட்டாரு" என்று இவரும் சிரித்துச் சமாளித்தார். செல்போனை வலது காதில் மட்டும் வைத்தார். ஆறு வருஷம் தறிகளுக்கு அடியில் குனிந்து நிமிர்ந்தார். ஒருதடவைகூட மயங்கவில்லை.

போனது ஒரு காலை நேரம். பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தார். மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருக்கும் என்றார், பக்கத்து கிளினிக்கிலிருந்து வந்து பார்த்த டாக்டர் சுகிர்தா. சட்டையை விலக்கிப் பார்க்க அவருக்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை.

கோவையிலிருந்து லிங்கேஷ் வந்து சேர மத்தியானமாகிவிட்டது. அதற்குள் கோமதிநாயகம் எல்லாவற்றையும் கையில் எடுத்திருந்தார். சுடுகாட்டு வேலை பார்க்கும் தங்கப்பழம் வந்து, எத்தனை மணிக்கு எடுப்பீர்கள் என்று கேட்டுக்கொண்டு, எருவும் வைக்கோலும் அடுக்குவதற்காக முன்னாலேயே போய்விட்டார். நீர்மாலைக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வந்து குளிப்பாட்டினார்கள். மஞ்சள் தண்ணீர் அந்தப் புடைப்பின் மேல் வழிந்து இறங்கியதைச் சண்முகசுந்தரி பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் தூக்கிவிடுவார்கள். பெண்கள் தெரு முனையோடு நின்றுவிட வேண்டும். அதற்குப் பிறகு அவள் சொல்ல முடியாது. இப்போதே சொன்னால் அவருக்குக் கொடுத்த வாக்கு போகும். ஆறு வருஷம் மூடி வைத்ததைச் செத்த அன்றைக்கே தெரு பார்க்கத் திறந்தவள் என்று ஆகும்.

கோடித் துணியைப் பிரித்தபோது அவள் எழுந்தாள். புருஷனின் அண்ணனிடம் அதுவரை அவள் நேருக்கு நேர் பேசியதில்லை. எது சொல்வதானாலும் கதவு மறைவில் நின்று, மகனை விட்டுச் சொல்லச் சொல்வாள்.

"அத்தான், அவுக நெஞ்சுல ஒரு மிஷின் இருக்கு. அதை எடுத்துட்டுத்தான் எரிக்கணும்."

அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்தினார்கள். பாஜிலா சொன்னதை அவள் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தாள். லிங்கேஷ் அப்பாவின் மார்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கோமதிநாயகத்தின் முகம் இறுகியது. "குளிப்பாட்டி முடிச்ச உடம்ப இனி அறுக்கச் சொல்லுதியாம்மா? மூட்டத்துல எருவடுக்கி, வைக்கோல் போத்தி, மண்ணு பூசிருவோம். பிள்ளை கொள்ளி வச்சுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துருவான். நாங்களும் குளிக்கப் போயிருவோம். அதுக்குப் பெறகு வெடிச்சா யாருக்கு என்ன?"

"தங்கப்பழம் அங்கனதான நிப்பாரு" என்றாள் சண்முகசுந்தரி.

ராத்திரி முழுக்க மூட்டத்துக்குப் பக்கத்தில் இருந்து, மண் விரிசல் விடுகிற இடத்தைப் பூசிப் பூசிக் காவல் காப்பவர் அவர்தான் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். கோமதிநாயகம் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "ஏலே லிங்கேசு, அந்த டாக்டரம்மாவக் கூட்டிட்டு வா" என்றார்.

சுகிர்தா வந்ததும் உடலை உள்ளறைக்குக் கொண்டுபோனார்கள். சண்முகசுந்தரி வெளியே போகவில்லை. புருஷனின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பழைய தழும்பின் மேலேயே கீறி, வயரை வெட்டி, டாக்டர் அதை எடுத்து ஒரு டப்பாவில் போட்டார்.

"இது இன்னும் ஓடுதாம்மா?" லிங்கேஷ் டாக்டரைக் கேட்டான்.

"ஓடும்" என்றார் அவர். "ஆள் போனது இதுக்குத் தெரியாதுப்பா. தட்டிக்கிட்டேதான் இருந்திருக்கும். இதை வச்ச ஆஸ்பத்திரிக்கே நான் அனுப்பிருதேன். குப்பையில போடக் கூடாது."

பஞ்சை வைத்துக் கட்டப் போனவரைச் சண்முகசுந்தரி தடுத்தாள். "தையல் போடுங்க."

"இனி எதுக்கும்மா?"

"போடுங்க."

சுகிர்தா அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு, உயிருள்ளவருக்குப் போடுகிற மாதிரியே நெருக்கமாகத் தைத்தார். கோடித் துணியை அதன் மேல் இழுத்துவிட்ட பிறகுதான் அவள் புருஷனின் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

பொழுது சாய்ந்து ஆண்கள் ஈரத் துணியோடு திரும்பி வந்தார்கள். கோமதிநாயகம் வாசலில் நின்று, அவளைப் பார்த்தே, "நல்லபடியா முடிஞ்சுதும்மா" என்றார். அவள் தலையசைத்தாள்.

மொட்டை போட்ட தலையோடு லிங்கேஷ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லம்மா."

"சொன்னா நீ அவுகளைத் தறிப் பக்கமே விட்டிருக்க மாட்டியே மக்கா."