மாட்டுக்குத் தடிமன்

பேராதனையில் நான் வேலை செய்யும் ஆய்வுகூடம் மாடுகளுக்கு வரும் ஒரு வைரஸ் சுவாச நோயைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தது. இந்த நோய் வந்த மாட்டுக்கு மூக்கு ஒழுகும், இருமல் வரும், பால் குறையும். தேயிலைத் தோட்டங்களுக்குப் போய் மாட்டின் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுப்பதும், உரிமையாளரிடம் கேள்வி கேட்டு எழுதுவதும் என் பொறுப்பு. கேள்விகளைத் தமிழில் ஆக்கியதும் நான்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்கு மூக்கு ஒழுகுவதற்கு ஒரே சொல்தான் தெரியும்: தடிமன். ஆய்வுக்குப் பொறுப்பான மருத்துவரும் எங்கள் ஊர்ப் பக்கத்தவர். அவர் முழுவதையும் வாசித்து, ஒரேயொரு காற்புள்ளியைத் திருத்தினார்.

புசல்லாவைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு பெண் மாடு வளர்த்தார். அந்த ஒரு மாட்டின் பாலை நம்பிக் கொழுந்து பறிக்கும் வேலையை விட்டிருந்தார். முழங்கால் இனி மலை ஏறாது என்றார்.

"மாட்டுக்குத் தடிமன் இருக்கோ அம்மா?" என்று கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்தது. "இருக்குங்க டொக்டர் ஐயா. பாத்தாலே தெரியலையா?"

நான் டொக்டர் அல்ல என்று திருத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

"எப்ப துடங்கினது?"

"கன்னு போட்டதுக்கப்புறம் ஏறுனதுங்க."

"என்ன மருந்து குடுத்தனீங்கள்?"

"மருந்தா? பிண்ணாக்குதான்."

மருந்து என்ற இடத்தில் பிண்ணாக்கு என்று எழுதினேன்.

"பக்கத்து மாடுகளுக்குத் தொத்தினதோ?"

"எங்க தொத்துது? அவங்களுக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. அதுக்குன்னு ஒரு கை வேணுங்க."

கைகள் மூலம் பரவக்கூடும் என்று எழுதி, கீழே கோடும் இட்டேன்.

"மாற எவ்வளவு நாள் எடுக்கும்?"

"ஐயோ, என்ன வாய் வைக்கிறீங்க! மாறவே கூடாதுன்னு முனியாண்டிக்கு நேந்திருக்கேன்."

நான் பஞ்சுக்குச்சியை எடுத்து மாட்டின் மூக்கில் விட்டபோது அவருக்கு முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. "தடிமன மூக்குலயா பாப்பீங்க?" என்றார். ஆமாம், அங்கேதான் நன்றாகத் தெரியும் என்றேன்.

நோய்ப்பட்ட மாடுகளுக்கு மருந்து ஏற்றினால் அது பாலில் கலக்கும். அதனால் தடிமன் உள்ள மாடுகள் எவை என்று அந்த ஊர்ப் பால் சேகரிப்பு நிலையத்துக்கு நாங்கள் அறிவித்தோம். நிலைய முகாமையாளர் சிங்களவர். அவருக்கு வசதியாகத் தடிமன் என்பதை 'ஹெம்பிரிஸ்ஸாவ' என்று நானே மொழிபெயர்த்து, பக்கத்தில் தமிழ்ச் சொல்லையும் சிங்கள எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

சில நாட்களில் அந்தப் பெண் இரண்டு பஸ் மாறிப் பேராதனைக்கு வந்துவிட்டார். கையில் பால் கேன். எடுக்க மறுத்த பால் உள்ளே திரைந்திருந்தது.

"மாடு தடிமனா இருந்தா பால் வாங்க மாட்டாங்களாமே ஐயா! இது எந்த ஊரு சட்டம்? எலும்பும் தோலுமா நிக்கிறதுங்க பாலெல்லாம் வாங்குறாங்க. நான் மறுபடி கூடையத் தூக்கிட்டு மலைக்குப் போகணுமா?"

"நோய் வந்து வருத்தமான மாட்டின்ரை பாலை எப்பிடி அம்மா எடுக்கிறது?"

"யாருக்கு வருத்தம்? நான் தடிமன்னு சொன்னேன். கொழுகொழுன்னு இருக்குன்னு சொன்னேன்!"

மருத்துவர் தன் அறையிலிருந்து எழுந்து வந்தார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். மலையகத்தில் தடிமன் என்றால் பருமன். மூக்கு ஒழுகினால் அது சளி. தோட்டம் தோட்டமாகப் போய் மாடு கொழுத்திருக்கிறதா என்று விசாரித்து, கொழுத்த மாடுகளையெல்லாம் நோயாளிகளாகவும், இருமி மெலிந்தவற்றையெல்லாம் சுகதேகிகளாகவும் நாங்கள் பதிந்திருந்தோம். அந்தப் பெண்ணின் மாட்டின் மாதிரியில் வைரஸ் இல்லை என்ற முடிவு மேசையிலேயே கிடந்தது.

அதை எடுத்துக்கொண்டு ஆய்வுகூட வாகனத்தில் அவருடன் புசல்லாவைக்குப் போனேன். சேகரிப்பு நிலையத்தில் கேன்களோடு வரிசை நின்றது. முகாமையாளர் முடிவை இரண்டு தரம் வாசித்தார். வைரஸ் இல்லை, சரி; ஆனால் தடிமன் இருக்கிறது என்று சொன்னவர் உரிமையாளர், இல்லை என்றும் அவரே சொல்ல வேண்டும், அதுதான் ஒழுங்கு என்றார். பிறகு நான் கற்றுக்கொடுத்த சொல்லை வைத்துத் தமிழில் கேட்டார்.

"அம்மா, தடிமன் இல்ல சொல்லு. பால் எடுக்கிறது."

அந்தப் பெண் வரிசையைத் திரும்பிப் பார்த்தார்.

"இல்லன்னு சொல்லிரு அக்கா, நெசந்தானே!" என்றான் ஒருவன். வரிசை சிரித்தது.

"சொல்ல மாட்டேன்."

"ஒருக்காச் சொல்லுங்கோ அம்மா," என்று நான் கெஞ்சினேன். "சொன்னாப் பால் எடுப்பினம்."

"ஒங்க வீட்டம்மாவ இப்படி நடு ரோட்டுல வச்சு, அழகில்லன்னு சொல்லுவீங்களா நீங்க? அந்த ஐயாவ வந்து கண்ணால பாக்கச் சொல்லுங்க. பாத்துட்டு அவரே சொல்லட்டும்."

முகாமையாளர் நியாயமான மனிதர். சப்பாத்துக்குள் அட்டை ஏற ஏற, லயம்வரை நடந்து வந்தார். மாட்டுப் பட்டிக்குள் போய் மாட்டை ஒருமுறை சுற்றினார். விலாவில் விரல் வைத்து அழுத்தி எலும்பைத் தேடினார். அகப்படவில்லை.

"அப்போ! மஹதய்னே," என்றார்.

"என்னங்க சொல்றாரு?"

"தடிமன் எண்டு சொல்லுறார்."

"தமிழ்ல சொல்லச் சொல்லுங்க. பக்கத்து லயத்துக்கும் கேக்கணும்."

தடிமன் இருக்கு என்று சத்தமாகச் சொல்லச் சொல்கிறார் என்று நான் சிங்களத்தில் சொல்ல, முகாமையாளர் குரலை உயர்த்தினார். "தடிமன் இருக்கு!"

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகாமையாளரோ திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். அப்படியானால் பால் எடுக்க முடியாதே என்று சிங்களத்தில் உண்மையான கவலையோடு சொன்னார். யாழ்ப்பாணத்தில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள், இங்கே என்ன பொருள், சிங்களத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருப்பது எவ்வளவு வசதி என்று விளக்கத் தொடங்கினேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். இனி நீங்கள் எதையும் மொழிபெயர்க்க வேண்டாம் என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு தொலைபேசியை எடுத்து நிலையத்தில் இருந்தவரிடம், "ஹெம்பிரிஸ்ஸாவ நே. மஹதய். கிரி கன்ன," என்றார்.

சளி இல்லை, கொழுத்திருக்கிறது என்று அதற்குப் பொருள்; கடைசி இரண்டு சொற்களை எவரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. பாலை எடு என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த சிங்களம். அவர் வாளியைக் கழுவிக்கொண்டு வந்து மாட்டின் பக்கத்தில் குந்தினார். நாங்கள் இருவரும் இன்னும் அந்த விலாவையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய நில்லுங்க ஐயா," என்றார். "இந்தப் பார்வ பாத்தீங்கன்னா எளைச்சிரும்."