ராஜகிரியின் அடிவாரம் வரை

செஞ்சிக்கு அம்மாவும் நானும்தான் போனோம். அப்பா வரவில்லை, மாடு கன்று போடும் நிலையில் இருந்தது. கல்லூரியில் நான் பாடமாகப் படித்த கோட்டையையும் சுற்றியுள்ள மலைகளையும் வயல்களையும் ராஜகிரி உச்சியிலிருந்து அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை. மூன்று மணிக்கு மேல் மலையேற விடமாட்டார்கள். திண்டிவனத்தில் பஸ் கிடைக்கவே நேரமாகிவிட்டது.

இறங்கி வேகமாக நடந்தோம். வழியில் ஒரு நிலத்தில் பெண்கள் நிலக்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா நின்று பார்த்தாள். பிறகு புடவையைச் செருகிக்கொண்டு நிலத்தில் இறங்கிவிட்டாள்.

“நேரமாவுதும்மா. ஜல்தி வா.”

“இருடா. இவங்க இழுக்குற இழுப்புல காய் பூரா மண்ணுலியே நின்னுடுது.”

“சொல்லிக்கினே இருக்காத, ஒரு சாலு புடுங்கிக் காட்டுக்கா,” என்றாள் ஒருத்தி.

அம்மா ஒரு சாலோடு நிற்காமல் நான்கு வரிசை பிடுங்கிக் காட்டினாள். நான் வரப்பில் நின்று கைபேசியில் மணி பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“மூணு இருவது ஆவுது. இனிமே விட மாட்டோம்,” என்றார் கோட்டை வாசலில் காவலாளி.

“மலை எங்கடா போயிடப் போவுது,” என்றாள் அம்மா, நகத்து மண்ணைத் தட்டியபடி.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். எங்கள் ஊரில் அன்று வேலைக்குப் போகாமல் அவள் விட்ட கூலி முந்நூறு, பஸ்ஸுக்கு நூறு. ஏறாத மலைக்கு நானூறு ரூபாய் ஆனது.