ஆறு லேப் ஃபுல் த்ராட்டில்

1. வளைவில் இறங்காத சத்தம்

ரேஸ் மெக்கானிக்குக் காதுதான் முதல். வண்டி அந்தக் கோடியில் புழுதிக்குள் போய்விட்டால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இன்ஜின் என்ன பாடுபடுகிறது என்று காதுக்குத் தெரிந்துவிடும். மூன்று வருடத்துக்கு முன்பு, கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு வறண்ட ஏரி மண்ணில் பைக் டர்ட் ரேஸ் நடந்தது, எட்டு லேப், அதாவது எட்டுச் சுற்று. அதில் இரண்டாவது லேப்பில் என் வண்டியின் சத்தம் சரியில்லை என்று என் காது சொன்னது.

வளைவு வந்தால் ரைடர் ஆக்சிலேட்டரை விடுவார். உறுமல் தணியும். பிரேக் பிடித்து வண்டியைச் சாய்த்துத் திருப்பியதும் மறுபடி முறுக்குவார். மொத்தம் பன்னிரண்டு வண்டி ஓடியது. பதினொன்று இப்படித்தான் போய்வந்தது. என் வண்டி மட்டும் உச்சத்தில் கத்திக்கொண்டே வளைவுக்குள் பாய்ந்தது, திடீரென்று செத்தது, மறு நொடி பழையபடி உச்சத்தில் கத்தியது. கூடவே சைலன்சரிலிருந்து படார் என்று ஒரு வெடி. ஏரிக்கரையில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த கூட்டம் அதைக் கேட்டுக் கைதட்டி விசிலடித்தது. ஜனங்களுக்கு வெடிச் சத்தம் போதும். எனக்கு அது கோளாறுச் சத்தம்.

என் பெயர் கலியமூர்த்தி. திண்டிவனத்தில் இருபத்தெட்டு வருடமாக டூவீலர் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறேன். வாரம் முழுக்க ஆயில் சேஞ்ச், செயின் டைட், பிரேக் ஷூ. ஞாயிற்றுக்கிழமை வந்தால் ரேஸ் வண்டி. அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற ஆறு நாளையும் தள்ளுகிறேன் என்று என் மனைவி சொல்வாள். தப்பாகச் சொல்லிவிடவில்லை.

2. ஐம்பதைத் தாண்டாத மனிதர்

அன்றைக்கு அந்த வண்டியை ஓட்டியவர் தணிகைவேல், என் தங்கை பூங்கொடியின் வீட்டுக்காரர். சொந்த ஊர் திருவெண்ணெய்நல்லூர் பக்கம். விழுப்புரத்தில் ஒரு கல்லூரிப் பஸ்ஸுக்கு டிரைவர். அந்தப் பஸ்ஸில் ஸ்பீடு கவர்னர் மாட்டியிருப்பார்கள். எப்படி மிதித்தாலும் ஐம்பதுக்கு மேல் போகாது. திங்கள் முதல் சனி வரை ஐம்பதில் உருட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை இவர் மண்ணில் பறப்பதைப் பார்த்தால், ஆறு நாள் பசியை ஒரே இலையில் தீர்த்துக்கொள்வது போல இருக்கும்.

வண்டி சாதாரண நூற்றைம்பது சிசி. அதைப் பிரித்து மண்ணுக்கு ஏற்ற மாதிரி செய்தது நான். பின் ஸ்ப்ராக்கெட்டில் பல் கூட்டினேன், ஃபோர்க்கில் கெட்டி ஆயில் ஊற்றினேன், மண்ணைக் கவ்வும் பட்டன் டயர் போட்டேன். இடது கைப்பிடிக்குப் பக்கத்தில் கட்டைவிரல் எட்டும்படி ஒரு கில் பட்டன் வைத்தேன். அழுத்தினால் இன்ஜின் அணையும். வண்டி கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போது விரலை எடுத்தால் திரும்பப் பற்றிக்கொள்ளும். விழுந்தால் வண்டியை நிறுத்துவதற்கென்று வைத்த பட்டன் அது.

அன்றைய ரேஸ் எங்கள் குடும்பத்துக்குச் சும்மா ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு இல்லை. வண்டி தயாரிக்கும் கம்பெனி ஒன்றிலிருந்து மோகன் என்ற அதிகாரி ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்தார். அவர்களுக்கு ஒரு டெஸ்ட் ரைடர் தேவை. புது மாடல் கடைக்கு வருவதற்கு முன்னால் அதை நாள் பூராவும் ஓட்டிப் பார்த்துக் குறை சொல்லும் வேலை. முப்பத்தேழு வயதுக்குள் இருக்க வேண்டும் என்று கண்டிஷன். தணிகைக்கு அடுத்த மாதம் முப்பத்தேழு முடிகிறது. இதை விட்டால் ரிட்டயர் ஆகும் வரை ஐம்பதுதான்.

3. வெட்டாத நுனி

காலையில் வண்டியை நட்டு நட்டாகப் பார்த்தேன். ரேஸ் நடத்துபவர்களும் செக் செய்து ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அதற்குப் பிறகுதான் பூஜை. எங்கள் பக்கத்தில் ரேஸ் வண்டி என்றால் இதுதான் முறை. வேலை எல்லாம் முடித்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் வண்டி கோட்டுக்குப் போகும்.

பூங்கொடி பௌர்ணமிக்குத் திருவக்கரை போய் அம்மன் காலடியில் வைத்து ஒரு கறுப்புக் கயிறு வாங்கி வந்திருந்தாள். வண்டியில் கட்டச் சொல்லி என் கையில் கொடுத்தாள். நான் அதை வலது ஹேண்டிலில், ஆக்சிலேட்டர் பிடிக்கு ஒட்டினாற்போல் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினேன். இரண்டு நுனியும் விரல் நீளத்துக்கு மேல் தொங்கியது.

என் கடையில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஒயர் கட்டும் கேபிள் டையில் கால் அங்குல வால் நீட்டிக்கொண்டிருந்தால் ஊரைக் கூட்டிவிடுவேன். அப்பேர்ப்பட்ட நான், கட்டிங் பிளேயர் சட்டைப் பையிலேயே இருந்தும், அந்த நுனியை வெட்டவில்லை. சாமிக் கயிற்றில் கத்தி வைக்கக் கூடாது என்று கை கூசியது. ஆடட்டும், அழகாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். கட்டிய பிறகு ஒரு தடவை ஆக்சிலேட்டரை முறுக்கிப் பார்க்கவும் இல்லை. செக்கிங்தான் முடிந்துவிட்டதே.

4. தூக்கிக் காட்டிய கை

கொடி விழுந்ததும் தணிகை கிளம்பிய விதம் இருக்கிறதே, அதைச் சொல்லாமல் போனால் பாவம். பன்னிரண்டு வண்டியும் ஒரே புழுதி. முதல் வளைவிலிருந்து வெளியே வந்தபோது அவர் மூன்றாவது. முன்னால் ஒரு கடலூர்க்காரர், அவருக்கும் முன்னால் புதுச்சேரிக்காரர் ஒருவர். பக்கத்தில் நின்ற பூங்கொடி என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

இரண்டாவது லேப்பில் மேடு ஏறிக் குதிக்கும் இடத்தைத் தாண்டிய பிறகுதான் அந்தச் சத்தம். ஸ்பார்க் பிளக் கேப் லூஸா, கார்புரேட்டரில் குப்பையா என்று என் புத்தி ஓடியது. அதற்குள் அவர் ஏழாவது இடத்துக்குப் போய்விட்டார். மூன்றாவது லேப்பில் நேர் பாதையில் எங்களைக் கடந்தபோது ஒரு காரியம் செய்தார். வலது கையை ஆக்சிலேட்டரிலிருந்து மொத்தமாக எடுத்து, உள்ளங்கையை விரித்து எனக்குக் காட்டினார். கை மேலே இருக்கிறது, வண்டி அடிவயிற்றிலிருந்து கத்திக்கொண்டு பறக்கிறது.

ஆக்சிலேட்டர் முழுசாகத் திறந்தபடி சிக்கிக்கொண்டுவிட்டது. ஹேண்டிலில் ஆடிக்கொண்டிருந்த கயிற்று நுனியைக் காணோம். பிடிக்கும் அதன் உறைக்கும் நடுவே அது இழுபட்டுப் போய் இறுகிவிட்டது என்று அந்த ஒரு நொடியிலேயே புரிந்துவிட்டது.

இரண்டு கையையும் குறுக்கே வைத்து நிறுத்தச் சொல்லிக் காட்டினேன். ஹெல்மெட்டை இடமும் வலமும் ஆட்டிவிட்டுப் போய்விட்டார். பத்தடி தள்ளி மார்ஷல் கொடியோடு நின்றுகொண்டிருந்தார். ஓடிப் போய்ச் சொல்லியிருந்தால் ரேஸை நிறுத்தியிருப்பார், தணிகையின் வேலையும் அதோடு போயிருக்கும். நான் சொல்லவில்லை. அது தப்பு. தங்கை பக்கத்திலேயே நிற்கும்போது செய்த தப்பு. 

ஆனால் அதன் பிறகு நான் பார்த்ததை இந்த இருபத்தெட்டு வருடத்தில் வேறெங்கும் பார்த்ததில்லை. இடது கையில் இரண்டு விரல் கிளட்ச்சில், கட்டைவிரல் கில் பட்டனில். வலது கை பிரேக்குக்கு மட்டும். வளைவு வரும்போது பட்டனை அழுத்துவார், இன்ஜின் சாகும், வண்டி இழுத்துக்கொண்டு வேகம் குறையும். சாய்ப்பார், இடது காலை மண்ணில் நீட்டுவார், கிளட்ச்சைப் பாதி பிடித்துப் பட்டனை விடுவார். உள்ளே தேங்கிய பெட்ரோல் படார் என்று வெடிக்கும், பின் சக்கரம் வெறி பிடித்துச் சுழலும், கிளட்ச்சை அளந்து அளந்து விட்டு அந்த வெறியை அடக்குவார். நான்காவது லேப் வரை தடுமாற்றம்தான். ஐந்தாவதில் அவருக்குத் தாளம் கிடைத்துவிட்டது.

தாளம் கிடைத்ததும் வேறு கணக்கு ஆகிவிட்டது. மற்றவர்கள் வளைவுக்கு முன்னாடியே ஆக்சிலேட்டரைக் குறைக்கிறார்கள். இவரிடம் குறைக்க ஒன்றுமில்லை. கடைசி நொடி வரை முழு வேகம், அப்புறம் ஒரே அமுக்கு. ஆறாவது லேப்பில் இரண்டு பேரைத் தாண்டினார். ஏழாவதில் இன்னும் இரண்டு பேர். எட்டாவது, கடைசி லேப்பில், புழுதி அடங்க டேங்கர் தண்ணீர் ஊற்றிச் சேறாகிக் கிடந்த வளைவில் கடலூர்க்காரர் உள்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். தணிகை வெளிப்பக்கமாகப் போய், கரை ஓரத்துக் காய்ந்த மண்ணில் சக்கரத்தை வைத்துப் பட்டனை விட்டார். இரண்டு வண்டியும் கோட்டை ஒன்றாகத் தாண்டியது போலத்தான் எனக்குத் தெரிந்தது. அரைச் சக்கர வித்தியாசத்தில் தணிகை இரண்டாவது என்று மைக்கில் சொன்னார்கள். நான் வாய்விட்டு அழுதுவிட்டேன்.

பூங்கொடி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அந்தக் கயிறுதான்ணா காப்பாத்திக்கினு வந்துச்சு" என்றாள்.

5. காரணம்

வண்டியை ஓரமாக நிறுத்தினோம். என் கடை கஸ்டமர்கள் பாதிப் பேர் சுற்றி நின்றார்கள். மோகன் சார் வந்து தணிகைக்குக் கை கொடுத்தார். ஆனால் அவர் முகத்தில் உற்சாகம் இல்லை.

"ரெண்டாவது வந்தீங்க, சந்தோஷம். ஆனா டெஸ்ட் ரைடருக்கு வேகம் மட்டும் போதாது. ஆக்சிலேட்டர்ல கை மெதுவா பேசணும். நீங்க கார்னருக்கு கார்னர் வெட்டி வெட்டி ஓட்டறீங்க. அப்படி ஓட்டினா வண்டியோட குறை எது, உங்க குறை எதுன்னு எங்களுக்குத் தெரியாது."

தணிகை ஒரு முறை என்னைப் பார்த்தார், என்னைச் சுற்றி நின்ற கஸ்டமர்களைப் பார்த்தார். பிறகு குனிந்துகொண்டார். "பழக்க தோசம் சார், மாத்திக்கிறேன்" என்றார்.

என் பெயரைக் காப்பாற்றத் தன் வேலையை விடுகிறார் என்று தெரிந்தது. நான் முன்னால் போனேன். "அவர் மேல தப்பு இல்ல சார். ஆக்சிலேட்டர் சிக்கிக்கினு இருக்கு. நீங்களே முறுக்கிப் பாருங்க" என்றேன்.

மோகன் சார் முறுக்கிப் பார்த்தார். அசையவில்லை. உறையைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். கறுப்புக் கயிறு நைந்து திரிதிரியாக உள்ளே சுற்றிக் கிடந்தது. எந்த லேப்பில் ஆனது என்று கேட்டார். இரண்டாவதில் என்றார் தணிகை. மிச்சம் ஆறு லேப்பும் இப்படியேவா என்று கேட்டுவிட்டு, தணிகையின் இடது கட்டைவிரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது.  அப்புறம் நன்றாகத் திட்டினார். முதல் வேலையாக நிறுத்தியிருக்க வேண்டும், எங்களிடம் இப்படிச் செய்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்றார். திட்டி முடித்துவிட்டு, புதன்கிழமை கம்பெனி ட்ராக்குக்கு வரச் சொன்னார்.

போகும்போது பையிலிருந்து ஒரு ஃபாரம் எடுத்து என்னிடம் கொடுத்தார். அவருக்குக் கீழே வேலை செய்யும் மெக்கானிக்குகள் நிரப்புவது. என்ன கோளாறு, என்ன காரணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்படி கேட்டார். மேலிடத்தில் காட்ட வேண்டுமாம்.

நான் கடையில் ஆயிரக்கணக்கான ஜாப் கார்டு எழுதியிருக்கிறேன். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவோம் என்று எங்கள் தொழில்காரர்களுக்குத் தெரியும். கஸ்டமர் கிளட்ச்சைப் பிடித்தபடி ஓட்டினார், கஸ்டமர் ஆயில் மாற்றவில்லை, ரோடு சரியில்லை. எங்கள் கைத் தவறு என்று ஒருநாளும் எழுதியதில்லை. அன்றைக்கும் கை தானாக "கயிறு" என்று எழுதியது.

பூங்கொடி எட்டிப் பார்த்தாள். அவள் முகம் சுண்டிப் போயிருந்தது. "கயிறு தானா போயி கட்டிக்கினுச்சாண்ணா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த வார்த்தையை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். மெக்கானிக் கலியமூர்த்தி, செக்கிங்குக்குப் பிறகு ஹேண்டிலில் கயிறு கட்டினார், நுனியை வெட்டவில்லை, ஆக்சிலேட்டரை முறுக்கிப் பார்க்கவில்லை. அத்தனை கஸ்டமருக்கும் முன்னால்தான் கையெழுத்துப் போட்டேன். அடுத்த ஒரு மாதம் கடைக்கு வந்தவன் போனவன் எல்லாம், "இன்னா மேஸ்திரி, கயிறு கிடைக்குமா?" என்று ஓட்டினார்கள். பெரிய பேஜாராகப் போய்விட்டது.

தணிகைக்கு வேலை கிடைத்தது. சேர்ந்த முதல் நாள் சாயங்காலம் போன் செய்தார். புது வண்டி, வழவழவென்ற ட்ராக், நூற்றுப் பத்தில் காற்று நெஞ்சைத் தள்ளுகிறது என்று ஒரே உற்சாகம். நடுவில் ஒரு விஷயம் சொன்னார்.

"இங்க மெக்கானிக் செக் பண்ணி கையெழுத்துப் போட்டாத்தான் நான் வண்டில ஏறணுமாம் மச்சான். உங்ககிட்ட ஒரு நாளும் நான் கையெழுத்து கேட்டதில்லையே."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாளே ஒரு நோட்டு வாங்கிக் கடையில் வைத்தேன். ரேஸுக்குப் போகும் எந்த வண்டியானாலும் சந்தனம், சூடம், கயிறு எல்லாம் முதலில். அதற்கு அப்புறம்தான் செக்கிங். எல்லாவற்றுக்கும் கடைசியாக ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, ஆக்சிலேட்டரை முழுசாக முறுக்கி விட்டு, டக்கென்று திரும்புகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். போட்ட பிறகு ரைடர் தவிர யாரும் அந்த வண்டியைத் தொடக் கூடாது. இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: வண்டியை வேகமாக்க யாரும் கற்றுக்கொள்ளலாம், அந்த வேகத்தில் உட்காருகிறவருக்குப் பதில் சொல்லும் பொறுப்பு உங்களுடையது.

போன மாதம் தணிகை லீவில் வந்திருந்தார். பழைய வண்டியை ஏரிக்கு எடுத்துப் போக வேண்டும் என்றார். நான் நோட்டை எடுத்து, எல்லாவற்றையும் பார்த்து, கையெழுத்துப் போட்டு அவரிடம் நீட்டினேன். அவர் அதைப் படித்துப் பார்க்காமலே வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.