அட்டையில் இரண்டு மூக்குத்தி

அன்புக்கரசியின் வலது கை மவுஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டிருந்தது. திரையில் பாட்டுக்காரி தனத்தின் தலைமுடி ஓரமாகப் புள்ளி வைத்து, புள்ளிக்குப் புள்ளி கோடு இழுத்து, பின்னாலிருந்த சுவரிலிருந்து ஆளைத் தனியாகப் பிரித்தெடுக்கும் வேலை. காதோரம் பறக்கும் நாலு முடியை விட்டுவிட்டால், கத்தரியால் வெட்டி ஒட்டிய தலை மாதிரி இருக்கும். அவள் விடமாட்டாள். வடலூரில் இந்த வேலையை அவளைவிடச் சுத்தமாகச் செய்ய ஆள் கிடையாது என்பது அவளுக்கும் தெரியும், ஸ்டுடியோக்காரர்களுக்கும் தெரியும்.

குறிஞ்சிப்பாடிப் பக்கம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போன குடும்பத்தில் பிறந்தவள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து டிடிபி கற்றுக்கொண்டாள். கட்டினவன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. அது இருக்கும் மாதம் உண்டு, இல்லாத மாதமும் உண்டு. வீடு நின்றது இவள் மவுஸ் பிடித்த கையால்தான். கண்ணீர் அஞ்சலி போஸ்டர், மஞ்சள் நீராட்டு பேனர், கல்யாண ஆல்பம் என்று எது வந்தாலும் முகத்துக்கு முதலில் கலர் ஏற்றி வெளுப்பாக்குவாள். பிறகு கண்ணுக்குக் கீழே உள்ள கருப்பை எடுப்பாள், பருவை எடுப்பாள், கழுத்துச் சுருக்கத்தை எடுப்பாள். செத்துப்போனவருக்கும் இதே மரியாதைதான். செய்யட்டுமா என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. செய்யாமல் கொடுத்தால்தான் ஏன் செய்யவில்லை என்று சண்டைக்கு வருவார்கள்.

இப்போது திரையில் இருந்தது ஒரு மாதப் பத்திரிகையின் அட்டை. 'மேடைச் சத்தம்' என்று பெயர். கலியமூர்த்தி நடத்துகிறார். சுரங்கத்தில் பெர்மனன்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். சின்ன வயதில் ஆர்க்கெஸ்ட்ராவில் டிரம்ஸ் வாசித்த கை சும்மா இருக்கவிடாமல், வடலூரில் ஒரு முன்னறையை வாடகைக்குப் பிடித்துப் பத்திரிகை தொடங்கிவிட்டார். மேளக்காரர்கள், பேண்டு செட்டுக்காரர்கள், ஆர்க்கெஸ்ட்ராப் பாடகர்கள், அவர்களை அழைக்கும் திருவிழாக் கமிட்டிக்காரர்கள், இவர்கள்தான் படித்துவந்தார்கள். அவர்கள் எல்லாரும் போனுக்குப் போய்விட்டார்கள்.

"நமக்கு இனிமே யாரு வாசகர், சொல்லு பாப்போம்" என்றார் கலியமூர்த்தி.

"நீங்களே சொல்லுங்க சார்."

"பஸ் ஸ்டாண்டுல காதுல ஹெட்போன் மாட்டிகினு நிக்குதே காலேஜ் புள்ள, அதுதான். அது கை நீட்டி எடுக்கணும். அதுக்கு என்ன வேணுமோ அதைப் போடு. எனக்குப் பிடிச்சுதான்னு பாக்காத, நான் கிழவன்."

அன்புக்கரசி சொன்னதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறவள் இல்லை. வடலூர் பஸ் ஸ்டாண்டில் போய் நின்று பார்த்தாள். கடையில் பத்திரிகைகளைக் கயிற்றில் கிளிப் போட்டு, ஒன்றின் மேல் ஒன்று ஏறினாற்போலத் தொங்கவிட்டிருந்தார்கள். மேலே ஒரு சாணும் இடது ஓரமும்தான் வெளியே தெரிந்தன. ஆகவே கண் அந்த ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும், பார்க்கிறவளை நேராகப் பார்க்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் வரிகள் இடது ஓரத்தில், ஒவ்வொன்றும் நாலைந்து வார்த்தைக்குள். பின்னணி கருஞ்சிவப்பு, எழுத்து மஞ்சள். வெயிலில் வெளுத்துப்போகாத ஜோடி அது. நின்று பார்த்ததில் இன்னொன்றும் கண்டுகொண்டாள். பிள்ளைகள் கை நீட்டியதெல்லாம் அழகான முகத்துக்குத்தான்.

அந்த மாதம் அட்டைக்கு வந்த முகம் தனத்துடையது. இந்தச் சுற்று வட்டாரத்தில் அம்மன் கோயில் கச்சேரி என்றால் தனம் வருகிறாளா என்று கேட்டுவிட்டுத்தான் ஜனம் கிளம்பும். புருஷன் இறந்த பிறகு சுரங்க டவுன்ஷிப்பில் தங்கை செவ்வந்தியின் குவார்ட்டர்ஸில் இருந்தாள். போன மார்கழியில் ஒருநாள் காலை எழுந்து வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடப்பக்கம் வழிந்தது. முகவாதம். பக்கவாதம் வேறு, இது வேறு. கை கால் நன்றாகத்தான் இருந்தன. முகத்தின் இடப்பாதி மட்டும் வேலை செய்யவில்லை. கண் மூடாது, சொட்டு மருந்து விட்டு டேப் ஒட்டித்தான் படுக்க வேண்டும். சாப்பிட்ட சோறு கன்னத்தில் தங்கிவிடும், விரல் விட்டு எடுக்க வேண்டும். செவ்வந்தி முகம் சுளிக்காமல் எல்லாம் செய்தாள். முக்கால்வாசி சரியாயிற்று. உதட்டின் ஓரம் மட்டும் கீழே இழுத்தபடியே நின்றுவிட்டது, கண்ணும் கொஞ்சம் சின்னதாகிவிட்டது. குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ப, ம வரும் இடங்களில் காற்று ஓடிவிடும். அதற்குத் தனமே ஒரு வழி கண்டாள். இடக் கன்னத்தில் இரண்டு விரலை வைத்து உதட்டு ஓரத்தை லேசாக மேலே ஏந்திக்கொண்டு பாடினால் சொல் சுத்தமாக வந்தது.

முத்தாண்டிக்குப்பம் தீமிதியில் மறுபடி மேடையேற ஒத்துக்கொண்டிருந்தாள். ஒத்திகையில் கலியமூர்த்தி எடுத்த படம்தான் அன்புக்கரசியிடம் வந்தது. கன்னத்தில் இரண்டு விரல், கோணிய உதடு, ஒரு கண் பெரிது, ஒரு கண் சின்னது.

அன்புக்கரசி ரொம்ப யோசிக்கவில்லை. முகத்தை மூக்கின் நடுவில் நேர்கோட்டில் பிரித்தாள். நன்றாக இருந்த வலப்பாதியைப் பிரதி எடுத்து, கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி, இடப்பக்கம் வைத்து ஒட்டினாள். கல்யாண ஆல்பத்தில் மாறுகண் பெண்ணுக்குச் செய்கிற வேலைதான். விரல்கள் போயின. வலது மூக்கில் இருந்த ஒற்றைக்கல் மூக்குத்தி இடது மூக்கிலும் ஏறிவிட்டது. அதை அவள் கவனித்தாள். அழிக்கப் போன கையை நிறுத்திக்கொண்டாள். இரண்டு பக்கமும் மின்னியது எடுப்பாகத்தான் இருந்தது. கலரும் ஏற்றினாள்.

கலியமூர்த்தி பார்த்துவிட்டு, "இதுதான். இதைத்தான் நான் சொன்னேன்" என்றார்.

அச்சாகி வந்த அன்று மதியமே கடைகளில் தொங்கியது. தீமிதிக் கமிட்டிக்காரர்கள் அதே படத்தைப் பேனராகக் கேட்டார்கள். அன்புக்கரசி பைலை அசீம் பாயின் பிளெக்ஸ் கடைக்கு அனுப்பிவிட்டு, சாயங்காலம் இரண்டு பிரதிகளைப் பையில் போட்டுக்கொண்டு தனத்தைப் பார்க்கப் போனாள். பாராட்டை நேரில் வாங்கிக்கொள்ளத்தான் போனாள். வேறு வேலை அங்கே இல்லை.

"வா அன்பு" என்று செவ்வந்தி கதவைத் திறந்தாள். "அக்கா பயிற்சி பண்ணிகினு இருக்குது, உக்காரு."

தனம் கைக்கண்ணாடி முன்னால் உட்கார்ந்து கன்னத்தை உப்பிக்கொண்டிருந்தாள். காற்று இடப்பக்கம் புஸ்ஸென்று போயிற்று. திரும்பவும் உப்பினாள். பத்திரிகையை முதலில் வாங்கியது செவ்வந்தி.

"யாருடி இது, சினிமாக்காரி மாதிரி?" என்று சிரித்தாள். அப்புறம் பக்கத்தில் போட்டிருந்த பெயரைப் படித்தாள். சிரிப்பு நின்றது. பத்திரிகையை அக்கா கையில் கொடுத்தாள்.

தனம் அட்டையைப் பார்த்தாள். கண்ணாடியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு மூக்குத்தி போட்டிருக்கியே. கட்டுன மவராசன்கூட ஒண்ணுதான் வாங்கிக் குடுத்தான்."

அன்புக்கரசி சிரித்தாள். மற்ற இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

தனம் விரலை வைத்துக் காட்டினாள். "இந்தப் பக்கம் நானு. இந்தப் பக்கம் யாரு?"

"அதுவும் நீங்கதாங்க அக்கா. வலப்பக்கத்தையே திருப்பி வச்சது."

"அப்ப என் எடப்பக்கம் எங்க?"

"அக்கா, படிக்கிறவங்க சின்னப் பசங்க. பாக்குறதுக்கு…"

"சொல்லு. பாக்குறதுக்கு?"

அந்த வாக்கியத்தை எப்படி முடித்தாலும் ஒரே இடத்துக்குத்தான் போகும் என்று அன்புக்கரசிக்கு அப்போதுதான் உறைத்தது. மடியில் இருந்த கைகளைப் பார்த்தாள். அவற்றை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"செவ்வந்தி, ட்ரூப்புக்கு போன் போடு" என்றாள் தனம். "நான் வரேன், பாடுறேன். மேடையில நிக்க மாட்டேன். ஸ்பீக்கர் பாக்ஸுக்குப் பின்னாடி ஒரு சேர் போடச் சொல்லு. சனம் இந்த மூஞ்சியப் பாக்க வரும். நான் எந்த மூஞ்சிய எடுத்துகினு போய் நிக்கிறது?"

செவ்வந்திதான் பொறிந்தாள். "தெனம் இந்தக் கண்ணாடி முன்னாடி உக்காந்து அழுதுகினே வாய இழுத்துப் பழகுன பொம்பள இது. போன வாரந்தான், எவன் பாத்தா என்னா நான் நிக்கிறேன்னு சொல்லிச்சு. சொல்ல வைக்க நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். நீ கம்ப்யூட்டர்ல ஒக்காந்து ஒரே இழுப்புல இழுத்துட்ட."

"வுடுடி" என்றாள் தனம். "அதுவும் நல்லதுக்குத்தான் செஞ்சிருக்கும்."

திட்டியதைத் தாங்கிக்கொண்டவளால் இதைத் தாங்க முடியவில்லை. டீ குடிக்காமல் எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டுச் சுவரில் அவளுடைய கல்யாணப் படம் மாட்டியிருந்தது. அதிலும் கலர் ஏற்றியிருந்தது, அவளே ஏற்றியது. மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "படத்துல நல்லாத்தான் இருக்குற" என்று சொன்னது இத்தனை வருஷம் கழித்து நினைவுக்கு வந்தது. அப்போது அவளுக்கு எப்படி இருந்தது என்பதும் கூடவே வந்தது. தெரிந்திருந்தும் செய்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். சோற்றுச் சட்டியை மூடி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

காலையில் முதல் வேலையாக அசீம் பாய்க்குப் போன் போட்டாள்.

"பாய், அந்த பேனரை ஓட்டாதீங்க."

"இப்பதாம்மா ரோலு மாட்டிகினு இருக்கேன். என்ன, தேதி தப்பா?"

"படம் தப்பு. வேற தரேன், பத்து மணிக்கு முன்னாடி."

வண்டியை எடுத்துக்கொண்டு குவார்ட்டர்ஸுக்குப் போனாள். வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த செவ்வந்தி, வா என்று சொல்லவில்லை. வழியை மட்டும் விட்டாள். தனம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, பேனருக்கு எந்தப் படம் போடணும்னு கேக்க வந்தேன்."

"இப்பக் கேக்குற."

"ஆமாங்க அக்கா. இப்பத்தான் கேக்குறேன்."

தனம் கீரைக் காம்பை ஒதுக்கினாள். "முன்னாடியே கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன். நேரா எடுக்காத, கொஞ்சம் இப்புடித் திரும்பி நிக்கிறேன், அது நல்லாருக்கும்னு. அழகா இருக்கணும்னு எனக்கு மட்டும் ஆசை இருக்காதா? இருபத்தஞ்சு வருசமா மேடையில நிக்கிறவளுக்கு எந்தப் பக்கம் நிக்கணும்னு தெரியாதா?"

தனம் எழுந்து கை கழுவி, லேசாகப் பவுடர் போட்டுக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்து நின்றாள். உடம்பைக் கொஞ்சம் திருப்பி, இரண்டு விரலைக் கன்னத்தில் வைத்து அம்மன் பாட்டில் ஒரு அடி பாடினாள். அன்புக்கரசி போனில் எடுத்துக்கொண்டே இருந்தாள். பிறகு போனைத் தனத்திடமே கொடுத்துவிட்டாள். தனம் ஒவ்வொன்றாகத் தள்ளி, ஒன்றில் நிறுத்தினாள். உதடு அதில் கோணித்தான் இருந்தது. விரல் இருந்தது. பாடுகிறவர்கள் கன்னத்தில் கை வைப்பது புதிதா என்ன, பார்க்கிறவர்களுக்கு அது பாட்டின் கையாகத்தான் படும்.

"இதைப் போடு. இதே மூஞ்சி பேனர்ல இருந்தா நான் முன்னாடி வந்து நிக்கிறேன். இதுலயும் எதையாவது ஒட்டுன, அந்த ஸ்பீக்கருக்குப் பின்னாடியும் வர மாட்டேன். வூட்டுலயே கெடப்பேன்."

கடைக்குப் போகிற வழியில் கலியமூர்த்தி போன் செய்தார். அசீம் பாய் சொல்லியிருப்பார்.

"அட்டையில ஒரு முகம், பேனர்ல ஒரு முகமா? சனங்க என்னம்மா சொல்லுவாங்க?"

"கேட்டாங்கன்னா அட்டையில இருக்கிறதை நான்தான் மாத்துனேன்னு சொல்லுங்க சார். அடுத்த இதழ்லயும் அதைச் சொல்லிப் போடுங்க, என் பேரைப் போட்டே போடுங்க."

"மாத்தினது நீ. சரின்னு சொன்னது நான்தானம்மா" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

பஸ் ஸ்டாண்டில் கயிற்றில் இரண்டு மூக்குத்தியோடு அந்த முகங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு பெண் ஒன்றை உருவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்புக்கரசி நினைத்தபடியே கை நீட்டியிருக்கிறாள். அதை நின்று பார்க்க முடியாமல் வண்டியை முடுக்கினாள்.

அசீம் பாய் கடையில் பேரையும் தேதியையும் மட்டும் படத்தின் மேல் வைத்தாள்.

"கலர் ஏத்தலியா?" என்றார் பாய்.

"இல்லைங்க பாய். அப்படியே ஓட்டுங்க."

மிஷின் அங்குலம் அங்குலமாகப் பேனரை வெளியே தள்ளியது. நெற்றி வந்தது, சின்னக் கண் வந்தது, ஒற்றை மூக்குத்தி வந்தது, இரண்டு விரலும் வந்தன. மை காயும்வரை நின்று, சுருட்டி, வண்டியின் பின்னால் கயிறு போட்டுக் கட்டி, முத்தாண்டிக்குப்பம் ரோட்டில் திரும்பினாள்.