வரவேற்பு நாளன்று கைதானவர்கள்

பேங்க் ரோட்டுக்குப் பின்சந்தில் உள்ள கல்யாண மண்டபத்தில் பாத்திரம், ஜமக்காளம், நாற்காலி எல்லாம் என் பொறுப்பு. எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது. பாத்திரங்களோடு பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை பிடித்துப்போனது.

ரோட்டில் யாராவது மறியல் செய்தால் போலீஸ் அவர்களை வேனில் ஏற்றி எங்கள் மண்டபத்துக்குத்தான் கொண்டுவரும். மதியம் சாப்பாடு போட்டு, சாயங்காலம் விட்டுவிடுவார்கள். அன்று மாலை ஒரு வரவேற்பு இருந்தது. அதற்குள் காலி செய்து தருவதாகச் சொன்னதால் முதலாளி ஒத்துக்கொண்டார்.

மறியல் செய்தவர்கள் அந்த ரோட்டு பேங்குகளையும் பைனான்ஸ் ஆபீசுகளையும் கூட்டித் துடைத்தவர்கள். கான்ட்ராக்ட் மாறியதும் எல்லோரையும் மொத்தமாக வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். காலையில் பால் வாங்கப் போன நான் கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன். ஸ்கூட்டரில் வந்த ஒருவர் ஹாரனை விடாமல் அடித்தார்.

"இவங்களுக்கு வேற ரோடே கெடைக்கலியா? நாலு போடு போட்டாத்தான் எந்திரிப்பாங்க."

போலீஸ் நிஜமாகவே போட்டது. பேங்க் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவரின் கைமேல் லத்தி விழுந்தது. ஹாரன் நின்றது. "ஏனுங்க சார், அவரு சும்மாதான உக்காந்திருந்தாரு?" என்று கேட்டதும் அதே ஸ்கூட்டர்காரர்தான். மாடி ஜன்னல்களில் நின்று சிலர் செல்போனில் படம் எடுத்தார்கள். தங்கள் மேஜையைத் துடைத்தவர்களை அவர்களுக்கு அடையாளம் தெரிந்திருக்கும். யாரும் கீழே வரவில்லை.

அடிபட்டவரை மட்டும் ஜீப்பில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். போலீஸ்மேல் கை வைத்தார் என்று கேஸாம். மற்றவர்கள் மண்டபத்துக்கு வந்தார்கள். அடிபட்டவரின் மனைவியும் அவர்களில் இருந்தார்.

சாயங்காலம் எல்லோரும் போகலாம் என்றதும் அந்த அம்மா அசையவில்லை.

"எங்கூட்டுக்காரரு வராம நான் எந்திரிக்க மாட்டேனுங்க."

மற்றவர்களும் அப்படியே உட்கார்ந்துகொண்டார்கள். ஒரு பெண் போலீஸ் நொந்துபோய், "ரிலீஸ்னு சொன்னாக்கூடப் போக மாட்டீங்கறீங்க, இதென்னக்கா கூத்து?" என்றார்.

"உள்ள வாரதுக்கும் இழுத்தீங்க, வெளிய போறதுக்கும் இழுப்பீங்களாட்ட" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, சிரிப்பு எழுந்தது. அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அந்த நேரத்தில் கல்யாணப் பெண்ணின் அப்பா வந்து சேர்ந்தார். அவிநாசியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். "காத்தால இவங்களாலதான் எங்க பூ வண்டி ரோட்டுலயே நின்னுச்சு. இப்ப மண்டபத்தையும் புடிச்சுக்கிட்டாங்களா?" என்று கத்தினார். உடனே காலி செய்துவிடுவதாக இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டுக் கையைக் காட்டினார். இரண்டு பெண் போலீசார் போய் அந்த அம்மாவின் தோளைப் பிடித்தார்கள்.

பெண்ணின் அப்பா பதறிப்போனார். "ஏனுங்க, நில்லுங்க! பொண்ணு உள்ள வார நேரத்துல ஒரு பொம்பளைய அழுக உட்டு இழுத்துட்டுப் போறதா? எங்களுக்கு ஆகாதுங்க." அந்த அம்மாவின் வீட்டுக்காரர் போலீசை அடித்ததாகக் கேஸ் என்றார் இன்ஸ்பெக்டர். பெண்ணின் அப்பா நாற்காலிகளோடு நின்ற என்னிடம் திரும்பினார். "ஏம்மா, அந்தாளு போலீச அடிச்சானாமே, நெசமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இல்லீங்க. கம்பியப் புடிச்சு உக்காந்திருந்தாருங்க. அடி அவரு கையிலதான் உழுந்துச்சு."

நாற்காலியை விரித்துப் போட்டேன்.

பெண்ணின் அப்பா இன்ஸ்பெக்டரைத் தனியாக அழைத்துக்கொண்டு போனார். என்ன பேசினார் என்று தெரியாது. "உங்க ஊட்டுலயும் விசேசம் வருமில்லீங்க" என்று சொன்னது மட்டும் காதில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் ஜீப் வந்தது. ஒரு கான்ஸ்டபிள் அடிபட்டவரை இறக்கிவிட்டார். வலது கை வீங்கி, விரல்கள் மடங்காமல் இருந்தன. அந்த அம்மா கையைத் தொடப்போய், தொடாமல் நின்றார்.

"எல்லாரும் கீழ போய் மொதப் பந்தியில சாப்பிட்டுப் போங்க" என்றார் பெண்ணின் அப்பா. மேலே மண்டபம் காலியாக வேண்டும் என்பது ஒரு காரணம். வயிற்றெரிச்சலோடு யாரும் போகக் கூடாது என்பது இன்னொன்று. கான்ஸ்டபிளையும் விடவில்லை, அதே வரிசையில் உட்கார வைத்துவிட்டார். ஜாங்கிரி பரிமாறிக்கொண்டு வந்தவள் கான்ஸ்டபிளின் இலையைப் பார்க்காததுபோலத் தாண்டினாள்.

"அவருக்கும் வெய்யி அம்மணி" என்றார் அடிபட்டவரின் மனைவி. "அவருதான் கூட்டிட்டு வந்தாரு."

அடிபட்டவரால் சோற்றைப் பிசைய முடியவில்லை. ஸ்பூன் கேட்டார். எங்கள் மண்டபத்தில் ஐஸ்கிரீமுக்கு வைத்திருக்கும் சின்னக் கரண்டிகள்தான் உண்டு. ஒன்றைக் கொடுத்தேன். இடது கையால் துளித்துளியாக எடுத்துச் சாப்பிட்டார். மற்ற இலைகள் எல்லாம் முடிந்துவிட்டன. பட்டுச்சேலைக்காரர்கள் அடுத்த பந்திக்காக நாற்காலிகளுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். வாசலில் ஜீப் ஹாரன் அடித்தது. கான்ஸ்டபிள் வாசலைப் பார்த்தார், பக்கத்து இலையைப் பார்த்தார். ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பந்தியில் எழுந்திருப்பது எங்கள் பக்கம் மரியாதை இல்லை. இலையை மூடாமல் உட்கார்ந்திருந்தார்.

அடிபட்டவர் ரசம் வாங்கி, மோர் வாங்கி, நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார்.