வேகமாகப் பெட்டி கட்டியதற்குக் காரணம்

தேர்வாய் கண்டிகையில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில், காலை ஷிஃப்ட் தொடங்கும் முன் எல்லோரையும் வரிசையில் நிற்க வைப்பார்கள். முந்தின நாள் டார்கெட் முடிக்காதவர்கள் முன்னால் வந்து காரணம் சொல்ல வேண்டும். நாலு பேர் எதிரில் எனக்கு வாயே திறக்காது. அந்தப் பயத்தில்தான் இத்தனை வருஷமும் வேகமாகப் பெட்டி கட்டினேன்.

போன வாரம் சூப்பர்வைசர் என்னை முன்னால் கூப்பிட்டார். "இந்தக்கா மட்டும் எப்பவும் டார்கெட்ட முடிச்சிடறாங்க. எப்படிக்கா? எல்லாருக்கும் சொல்லுங்க."

தலையைக் குனிந்துகொண்டு முன்னால் போய் நின்றேன். பக்கத்து மேசைக்காரி சிரித்தாள். "இன்னாக்கா, பொண்ணு பாக்க வந்தா மாதிரி தலைய குனிஞ்சிக்கினு நிக்கிற?"

பேசப் பயந்துதான் என்று எப்படிச் சொல்வது? "தெரியல சார்" என்றேன்.

"பாருங்க, எவ்ளோ அடக்கம்! இனிமே இவங்கதான் லைன் லீடர்" என்று எல்லோரையும் கைதட்ட வைத்தார்.

லைன் லீடர் தினமும் காலையில் பேச வேண்டும். நாளை முதல் என் முறை. வேலையில் மெதுவானால் அந்தப் பொறுப்பை எடுத்துவிடுவார்கள்; ஆனால் அப்போதும் முன்னால் நின்று காரணம் சொல்ல வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நான் ஜெயித்தேனா, மாட்டிக்கொண்டேனா என்று எனக்கு விளங்கவில்லை. இன்றைக்கு முதலாவது பெட்டிக்கு டேப் ஒட்டும்போது, எந்த வேகத்தில் ஒட்டுவதென்று தெரியாமல் கை நின்றுவிட்டது.